மஞ்சள் கீற யார் வருவார்?

(தில்லி மயூர் விகாரில் ஒரு குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் போகியன்று பிற்பகல் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, உடன் வாழும் குடும்பத்தாரே, வணக்கம்.

தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையில் சுமார் 2,180 கிலோமீட்டர். ஒன்றரை நாள் பயணம். அதற்கு அப்பால் நம்மில் பலருக்கு இன்னும் ஓர் இரவுப் பேருந்தும் உண்டு. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னரே இடம் பிடிக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. மத்திய அரசு ஊழியருக்கு இங்கே பொங்கல், ஆர்.எச். எனும் விருப்ப விடுமுறைக் கணக்கில்தான் வரும், அதுவும் ஆண்டுக்கு இரண்டே. ஆகவே ஊருக்குப் போக முடியவில்லை என்பதை இத்துடன் விட்டுவிட்டு, போகாதவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பேச விரும்புகிறேன்.

என் பட்டறிவில், நாள் கிழமைகளில் சிறு குடும்பத்தின் வீடு வெறிச்சென்று தோன்றுவதற்கு ஆட்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: குறிப்பிட்ட ஓர் உறவு செய்ய வேண்டிய வேலை, செய்ய ஆளின்றிக் கிடந்துவிடுகிறது. தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நரக சதுர்த்தசியின் விடியற்காலை. இங்குள்ளோருக்கோ அமாவாசை மாலையின் லட்சுமி பூஜை. இரண்டும் வெவ்வேறு நாளில் விழும் ஆண்டுகளில் நம் தீபாவளி அவர்களுடைய ‘சோட்டி தீவாளி’. பெரும்பாலும் அலுவலக நாள். ஐந்து மணிக்கே எழுந்து, மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கணவருக்கும் மகளுக்கும் நான் வைத்துவிடுவேன். என் தலைக்கு நானே வைத்துக்கொள்வேன். மூன்றாண்டு இப்படியே போயிற்று. நான்காம் ஆண்டு, எட்டு வயது மகள், “உனக்கு யாரும்மா வைப்பா?” என்று கேட்டுவிட்டு, என்னை மணையில் உட்காரவைத்து, பின்னால் முக்காலி போட்டு ஏறி நின்று, கிண்ணத்தில் இருந்ததில் பாதியைக் கவிழ்த்துவிட்டாள். எண்ணெய் காது வழியாக இறங்கிப் புடவைத் தலைப்பை நனைத்தது. வயதில் மூத்தவர் இளையவருக்கு வைப்பதே வழக்கம் என்பதை அறிவேன். ஆயினும் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது அவள் வேலை.

கைப்பேசியைப் பூஜை அறையில் சாய்த்து வைத்து ஊர்ப் பண்டிகையைக் காலை முழுதும் பார்ப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அங்கே அண்ணி வடை தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இங்கே எங்கள் பொங்கலை அடிப்பிடிக்கவிட்ட ஆண்டும் உண்டு. இப்போது சாப்பிட்டு முடித்தபின் ஒரே ஓர் அழைப்பு. அதில் பேச நம்மிடமும் செய்தி இருக்கிறது.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது கனு. மாட்டுப் பொங்கல் காலையில், பானையில் கட்டிய பசுமஞ்சளைப் பெரியவர்களிடம் கொடுத்து நெற்றியில் கீறச் சொல்லி, பின்பு மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுப் பிடிகளை வைத்து, உடன்பிறந்தோர் நலம் வேண்டுகிறோம். பிடி வைக்க மொட்டை மாடி இருந்தது. காக்கைக்கு முன்னே புறா வந்துவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மஞ்சள் கீறத்தான் பெரியவர் எவரும் இல்லை. மூன்றாம் மாடிப் பஞ்சாபிப் பாட்டியிடம் கேட்டேன். தாம் கணவரை இழந்தவர், தாம் கீறலாமா என்று தயங்கினார். சுமங்கலிகள்தாம் கீற வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்வதுண்டு. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “பெரியவா கை, கீறச் சொல்லு” என்றாள். ஊரில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, அவளும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் ஒன்றே என்று கலந்துவிடச் சொல்லவில்லை. போகிக்கும் பஞ்சாபியரின் லோஹ்ரிப் பண்டிகைக்கும் தீ பொது என்றெண்ணி, பழைய பாயையும் துடைப்பத்தையும் கீழே லோஹ்ரி நெருப்பருகே என் கணவர் கொண்டுபோனபோது, அதே பாட்டிதான் கைநீட்டித் தடுத்தார். அவர்கள் எள்ளும் வேர்க்கடலையும் ரேவடி எனும் எள் மிட்டாயும் இட்டு வலம்வரும் தீ அது. கழித்ததை எரிக்கும் தீ நம்முடையது. மாறாக, சட் பூஜைக்குக் கரும்பும் இலையோடு மஞ்சள் செடியும் வாங்கி, யமுனைக் கரையில் முதலில் மறையும் சூரியனையும் மறுநாள் எழும் சூரியனையும் வணங்கும் பீகார்க் குடும்பங்களுக்கு நம் பொங்கலை விளக்க வேண்டியதே இல்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும் வைத்த நம் வாசலைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. சூரியன்தான் இந்த ஊர்ப் பனிமூட்டத்தில் சில ஆண்டுகளில் பத்து மணிவரை தலைகாட்டுவதில்லை.

நாளை மறுநாள் கனு. ஐஎன்ஏ சந்தையிலிருந்து மஞ்சள் கொத்து எல்லா வீட்டுக்கும் சேர்த்து வாங்கியாயிற்று. அலுவலகம் செல்வோர் எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டியிருப்பதால், ஆறரைக்கே மாடிக்கு வந்துவிடுங்கள். பாட்டிக்குப் படியேறுவது சிரமம், ஆகவே வரும் வழியில் மூன்றாம் மாடியில் மஞ்சள் கீறிக்கொண்டு வாருங்கள்.