காலுறையைத் துவைத்தது யார்?

நடுவர் ஐயா அவர்களே, நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி அன்பர்களே, நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் மெர்பேங்கிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாட்டையே தன்னந்தனியாக ஓடிக் கடக்கும் மனிதனை நமக்கு முழுதாகக் காட்டுவது கதையா, வாழ்க்கையா? வாழ்க்கையே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அக்கா, 1994இல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தைக் கையிலெடுத்தார். காதலி சொல்லாமல் போய்விடுகிறாள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து ஓடத் தொடங்குகிறான். அமெரிக்காவின் இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்குமாக 3 ஆண்டு, 2 மாதம், 14 நாள், 16 மணி நேரம் ஓடுகிறான். அக்கா சொன்ன விதத்தில் முன்வரிசையே உருகிவிட்டது. நல்ல படம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வழியில் அவன் எப்படி வாழ்ந்தான்? பசித்தபோது சாப்பிட்டானாம், களைத்தபோது தூங்கினானாம். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறான். யார் போட்ட சாப்பாடு? யார் வீட்டுத் திண்ணை? அத்தனை நாளும் காலுறையைத் துவைத்தது யார்? ஐயா, ஓட்டம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது. படம் அதன் மேல் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. போகிற போக்கில் ஒன்று: அந்தப் படத்துக்கு மூலமான 1986ஆம் ஆண்டு நாவலில் இந்த ஓட்டமே கிடையாது. சினிமாக்காரர்கள் சேர்த்துக்கொண்டது!

“கதையில் வருகிறவன் காரணமே இல்லாமல் ஓடுகிறான், அதுதான் தூய்மை, நிஜத்தில் ஓடுகிறவர்கள் உண்டியலோடு ஓடுகிறார்கள்” என்றார் அக்கா. சரி, உண்டியலோடு ஓடிய ஒருவரைப் பார்ப்போம். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். 18 வயதில் எலும்புப் புற்றுநோய். 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு புறப்பட்டார். நல்ல காலில் இரண்டு முறை தத்தி, செயற்கைக் காலை ஒரு முறை ஊன்றி, மறுபடியும் தத்தி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை.

பின்னால் ஒரு வேன் வந்தது. ஓட்டியவர் பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட். வண்டியும் அவரே, சமையலும் அவரே. சில வாரங்களில் இருவருக்கும் சண்டை முற்றி, ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவன் ஓடுகிறான், ஒருவன் அவன் பின்னால் ஊர்ந்து வருகிறான், நடுவில் முறைப்பு மட்டும்! பெற்றோர் விமானம் ஏறி வந்து சமாதானம் செய்தார்கள். பிறகு 17 வயதுத் தம்பியும் வேனில் சேர்ந்துகொண்டான். எந்தக் கதாசிரியராவது இதை எழுதுவாரா? வீரனின் மாண்பு குறைந்துவிடும் என்று வெட்டிவிடுவார். எனக்கோ இந்தச் சண்டையைக் கேட்ட பிறகுதான் அந்த ஓட்டத்தின் பாரமே புரிந்தது.

செப்டம்பர் 1ஆம் தேதி, தண்டர் பே நகருக்கு அருகே, இருமலும் நெஞ்சுவலியும் வந்துவிட்டன. சாலையோரத்தில் மக்கள் நின்று உற்சாகப்படுத்துகிறார்கள். அவர்கள் முன்னால் ஓட்டத்தை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஆள் நின்ற தூரம் வரைக்கும் ஓடிவிட்டு, அதன்பின் வேனில் ஏறி மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். நாட்டைக் கடந்து முடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தார். ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அன்றைய கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர்.

“அந்தப் படத்தைப் பார்த்துத்தானே ஒருவர் உண்மையிலேயே ஓடினார்?” என்று அடுத்த அம்பு வரும், தெரியும். ஆமாம், லிவர்பூல் கால்நடை மருத்துவர் ராப் போப், 2016இல் படத்து நாயகனின் சொந்த மாநிலமான அலபாமாவில் தொடங்கி 2018இல் முடித்தார். தாடி, தொப்பி எல்லாம் படத்தில் உள்ளபடியே. வேன் ஓட்டித் துணையாக வந்தவர் அவருடைய காதலி! படத்தில் காதலி விட்டுப் போனதால் ஓட்டம். நிஜத்தில் காதலி வேன் ஓட்டியதால் ஓட்டம். நடுவர் ஐயா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவின் தென்கோடியான நம் அகுல்யாஸ் முனையிலிருந்து 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஆங்கிலேயர் ரஸ் குக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை அல்ல, கண்டத்தையே கடந்தார்: 352 நாள், 16 நாடுகள், 16,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கோலாவில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள், பாஸ்போர்ட்டும் போயிற்று. அதையும் தாண்டி வந்தவரை நிறுத்தப் பார்த்தது எது தெரியுமா? அல்ஜீரிய விசா. ஒரு முத்திரை!

நமக்கா முத்திரையின் அருமை தெரியாது? டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு உள்நாட்டு வழியாக ஓட நினைத்தால் நம் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தைக் கடக்க வேண்டும். 1891இல் போட்ட சட்டத்தால் அங்கே இந்தியர் குடியேறக் கூடாது. வழிப்போக்கராகப் போனாலும் இரவு தங்க அனுமதி வேண்டும். 1980களின் நடுப்பகுதி வரை இதே கதைதான். களைத்தபோது தூங்கினானாம்! நம் தாத்தா அங்கே களைத்துப் படுத்திருந்தால் போலீஸ் வந்து எழுப்பியிருக்கும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கும் நம் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் 1921இல் தொடங்கியது; கறுப்பினத்தவரும் பெண்களும் முறைப்படி ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதைச் சாலையில் இந்த வேலிகள் எதுவும் தெரிவதில்லை.

அதே காம்ரேட்ஸ் நாளில் ஓட்டப் பாதையில் இருக்கும் போதாஸ் ஹில் பக்கம் போய் நின்று பாருங்கள். உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கைத் தட்டில் நீட்டுகிறார்கள். தண்ணீர்ப் பையின் மூலையைப் பல்லால் கடித்து, பாதியை வாயிலும் பாதியைத் தலையிலும் பீய்ச்சிக்கொண்டு போகிறார்கள். நம் காவடி எடுப்பவருக்குப் பின்னால் சொம்பும் எலுமிச்சையுமாக அம்மா நடந்து வருவாரே, அப்படித்தான். காவடி அவர் தோளில்தான், மறுக்கவில்லை. அம்மாவை விட்டுவிட்டுப் படம் எடுத்தால் எப்படி?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணித் தம்பிக்கு ஒரு கேள்வி. படத்தில், பாலை நிலத்துச் சாலை நடுவில் அவன் நின்று, களைத்துவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்று திரும்பிவிடுகிறான். அவனிடம் காசு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அலபாமா வரைக்கும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாருடைய வண்டி? கதையிலிருந்தே பதிலைக் காட்டட்டும்; என் ஓட்டையும் அவருக்கே போடுகிறேன். வணக்கம்.