யார் வீட்டில் பறவைக் கூடு

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவராக இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கச் சுற்றியவன் நான். மாட்டைப் பார்க்கப் போன வீட்டிலும் திண்ணையில் வளர்ப்புப் பறவைக் கூடு தொங்குகிறதா என்றுதான் கண் முதலில் போகும். காசு இருக்கிறவர்கள்தான் பறவை வளர்ப்பார்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலில் ஆள் இருக்கிற வீட்டில்தான் பறவை நிலைக்கிறது.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் பாருங்கள். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர் பாலெடுத்து, ஷீட் அடித்து முடித்தால் மதியத்துக்கு மேல் வீட்டில்தான். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிற பட்ஜிகளுக்கு அந்த நேரம் போதும். தட்டு நிறைய தினை கிடக்கிற மாதிரி தெரியும், கிட்டப் போய் ஊதிப் பார்த்தால் வெறும் உமி. பட்ஜி தோலை உரித்துப் போட்டுவிட்டுத்தான் தின்னும். அதை ஊதிப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும், சொல்வது அதைத்தான். கடற்கரையிலும் இதேதான். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், அப்போதுதான் மாடிகளில் புறாக்கூடு எழும்பும்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு. மகன் வளைகுடாவில். தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணையாக ஒரு ஜோடி காக்டெயில் கிளி வாங்கி விட்டிருந்தான். சுண்ணாம்புச் சத்துக்காகக் கூட்டில் கணவாய் மீனின் ஓடு, கடையில் பாக்கெட்டாக வாங்கியது. மீன் கொண்டு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க கடப்புறத்துல சும்மா கெடக்குமே, இதுக்கா ரூவா குடுத்திய?" என்று கேட்டார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் வீட்டிலும் பட்ஜிகள் உண்டு, மண்பானையில் ஓட்டை போட்டுக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார். அன்றிலிருந்து மீனோடு கணவாய் ஓடும் வரும், இந்த அம்மா தினை கொடுத்து விடுவார். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன். சாதி வேறு, மதம் வேறு, வருமானம் எங்கேயோ எங்கேயோ. ஆனால் அந்த இரண்டு பெண்களும் அரை மணி நேரம் குஞ்சுகளைப் பற்றியே பேசுவார்கள். பறவை வாங்குகிறவர் மகனாக இருக்கலாம், வளர்க்கிறவர் வீட்டில் இருக்கிற பெண்தான். கூடு கழுவுகிற கை யாருடையது என்று பாருங்கள்.

பச்சைக்கிளி விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. பட்டுப்போன தென்னையை வெட்டும்போது பொந்திலிருந்து குஞ்சு விழும், பிள்ளைகள் எடுத்து வருவார்கள், சோறூட்டி வளர்ப்பார்கள். காசு கொடுத்துப் பறவை வாங்க முடியாத வீடு அது. ஆனால் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கிளியை வைத்திருப்பது குற்றம், பட்ஜி, காக்டெயில் மாதிரி கடையில் வாங்கிய ஆஸ்திரேலியப் பறவைக்கு அந்தத் தடை இல்லை. சட்டம் சரிதான், காட்டுக்கிளி காட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் இதை அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கிறோமா? நேயர்களே, அக்கம்பக்கத்தில் அப்படிக் கிளி இருந்தால் திட்டாமல் சொல்லுங்கள், வனத்துறையிடம் ஒப்படைக்கக் கூடப் போங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பந்தயப் புறா வளர்க்கும் இளைஞர்களைப் பற்றிப் பேச நினைத்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும்: ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்ற வெளிநாட்டுக் கிளிகள் வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் அது தேவையில்லை. வணக்கம்.