பீடோங்குக்கு ஓர் அக்காள் ஊர்

மேடையை அலங்கரிக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, சுங்கைப்பட்டாணியிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்த டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விடியுமுன் எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கிய பாட்டிமார்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இரண்டு நாட்டு ஊர்கள் ஒப்பந்தம் போட்டு நட்பாகும் சகோதர நகர உறவில் வணிகம், பண்பாடு, கல்வி என்று மூன்றைப் பற்றிப் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வணிகம் டத்தோவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அதை அவர் உரைக்கு விட்டுவிடுகிறேன்.

தனிமரம் தோப்பாகாது என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். ஆயுள் முழுக்க மரங்களுக்கு நடுவில் நின்ற மனிதர். ஊருக்கும் அதுதான் கணக்கு.

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற நகரம் 1940 நவம்பரில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் நொறுங்கிப்போனது. அடுத்த சில ஆண்டுகளில் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடும் இடிபாடாகக் கிடக்கிறது என்று கேட்டு, அந்த ஊர்ப் பெண்கள் 800க்கும் மேற்பட்டவர்கள் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களைத் தைத்து அனுப்பினார்கள். 1944இல் இரண்டு ஊரும் உறவாயின. அதே ஸ்டாலின்கிராட் வோல்கோகிராட் என்று பெயர் மாறி, 1966இல் சென்னைக்கும் உறவானது. நம் பினாங்கின் ஜார்ஜ் டவுன் 1973 முதல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டோடு உறவு கொண்டாடுகிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் நம் பீடோங்குக்கு மட்டும் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். நாகப்பட்டினம்.

பூஜாங் பள்ளத்தாக்கு இங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். அங்கே புக்கிட் பத்து பகாட்டில் உள்ள சண்டி என்ற பழங்காலக் கோயிலைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு 1025இல் ராஜேந்திரன் நம் கெடாவாகிய கடாரத்தை வென்ற கதையைத்தான் சொல்கிறோம். அதற்கு முன்பே ராஜராஜன் காலத்தில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளி எழுப்பினான். அதன் செலவுக்குச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். செப்பேடு சாட்சி. சிவபக்தனான அரசன் அயலூர்க்காரனின் புத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்திருக்கிறான்! போரை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

என் தாத்தா 1936இல் அந்த நாகப்பட்டினத்தில்தான் ராஜூலா கப்பல் ஏறினார். பினாங்கில் இறங்கி, நோய்த் தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் சில நாள் அடைபட்டு, தோட்டத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கையிடமிருந்து ஏர்மெயில் கடுதாசி வந்தால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துத் தண்ணீர்க் குழாய் அருகே என்னை நிற்கவைத்து உரக்கப் படிக்கச் சொல்வார். வாளியோடு வந்த பெண்கள் எல்லாம் நின்றுவிடுவார்கள். ஊர்ச் செய்தி எல்லாருக்கும் பொது.

நான் நான்காம் வகுப்பு. ஒருநாள் படித்துக்கொண்டே போகிறேன். மழை இல்லை, பசு கன்று போட்டிருக்கிறது, மாமன் மகளுக்குத் திருமணம். அடுத்த வரி, "நம் அம்மா போன ஆவணியில் தவறிவிட்டார்கள்." வாய் வரவில்லை. எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை என்று தாத்தா நினைத்துக்கொண்டார். "எழுத்துக் கூட்டிப் படிடா ஐயா" என்றார். கூட்டினேன். த. வ. றி. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூட யாருக்கும் கை வரவில்லை.

அன்று இரவே பதில் எழுதினோம். சிம்னி விளக்கை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அந்தத் தீபாவளிக்குள் பதினோரு வீட்டுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். எந்த நகராண்மைக் கழகமும் ஒப்பந்தம் போடாத சகோதர நகர உறவு அது.

அந்தக் கடுதாசி இன்னும் என் தகரப்பெட்டியில் இருக்கிறது. போன பொங்கலுக்கு என் பேத்தியிடம் கொடுத்தேன். மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் எழுதுகிற பிள்ளை. "என்ன தாத்தா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாத வீடு என் வீடு. இந்த மேடையில் அதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனசு வரவில்லை.

1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது இந்நாட்டுத் தமிழ்க் கல்வி. பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்தது, பள்ளி மட்டும் நிற்கிறது. வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. நாகையோடு உறவு கேட்டு மனு கொடுப்போம். மாண்புமிகு அவர்களும் துணை நிற்பதாக வாக்களித்திருக்கிறார்கள், நன்றி. ஆனால் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால் குழாயடியில் நின்று படிப்பது யார்? தனிமரம் தோப்பாகாது, ஐயா. ஒரு தலைமையாசிரியை தனியாக எத்தனை நாள் தாங்குவார்?

பண்பாட்டைப் பற்றி இன்னும் பேச இருந்தது. மணி அடித்துவிட்டார்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். முதலாம் ஆண்டுப் பதிவு பற்றிக் கேட்க விரும்பும் பெற்றோர் அங்கே வாருங்கள். நாகப்பட்டினத்துப் பள்ளி ஒன்றுக்கு நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய முதல் கடிதமும் அங்கேதான் இருக்கிறது. தலைமையாசிரியை அம்மா உறையை இன்னும் ஒட்டவில்லை. அடியில் பாதித் தாள் வெற்றாக விட்டு வைத்திருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகள் பெயர் எழுத.