திசையையே மாற்றிய 20 கிராம் குருவி! காரணம், தோட்டத்தில் தொங்கவிட்ட தீனி

(திரையில்: இரவு வானம், பறவைக் குரல்)

பிறந்து சில மாதமே ஆன ஒரு குருவிக்குஞ்சு. எடை ஏறக்குறைய 20 கிராம். இலையுதிர் காலத்தில் ஒரு ராத்திரி தன்னந்தனியாகக் கிளம்பி, இதுவரை கண்ணால்கூடப் பார்க்காத நாட்டுக்குப் பறக்கிறது. அப்பா அம்மா கூட வரவில்லை, வழி சொல்லவும் ஆளில்லை. குளிர் வந்தால் தெற்குப் பக்கம்தானே போகும் என்பீர்கள். இதன் கூட்டத்தில் ஒரு பகுதி மேற்கு-வடமேற்கு நோக்கி, பிரிட்டனுக்குப் போகிறது. குளிர்காலத்தைக் கழிக்க பிரிட்டனா? அந்தக் கதைதான் இன்றைக்கு.

குருவியின் பெயர் பிளாக்கேப். ஐரோப்பா முழுக்கப் பரவலாக இருக்கிற பாட்டுக்காரக் கதிர்க்குருவி. நீளம் 13, 14 சென்டிமீட்டர், உடம்பு முழுக்கச் சாம்பல். ஆணுக்கு உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி, பெண்ணுக்குச் செம்பழுப்பு. குஞ்சுகள் ஆணானாலும் பெண்ணானாலும் பழுப்புத் தொப்பியோடுதான் கூட்டைவிட்டு வரும். ஆண்குஞ்சுக்குச் சிறகு உதிர்ந்து முளைக்கும்போது தலை கறுத்துவிடும். அத்திப்பழம் தின்னும் ஒரு பறவை இலையுதிர் காலம் முடிந்ததும் கருந்தலைக் குருவியாக உருமாறிவிடுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாவம், தலை கறுப்பதைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும்தான்.

சாப்பாடு? கோடையில் பூச்சி, புழு. அப்புறம் பழங்கள். புல்லுருவிப் பழம் கிடைத்தால் சதையை மட்டும் தின்றுவிட்டு, பிசுபிசுவென்று ஒட்டும் விதையை அலகால் கிளையில் தேய்த்துத் துடைக்கும். விதை அங்கேயே ஒட்டி முளைக்கும். புல்லுருவிக்கு இதைவிடச் சௌகரியமான நடவு ஆள் கிடைக்காது.

(திரையில்: ஐரோப்பா வரைபடம், அம்புக்குறிகள்)

இப்போது வலசைக்கு வருவோம். மேற்கு ஐரோப்பாவின் பிளாக்கேப்கள் தென்மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல், வட ஆப்பிரிக்கா போகும். கிழக்கில் இருப்பவை தென்கிழக்காகப் போய் மத்தியதரைக் கடலின் கிழக்கு ஓரத்தைச் சுற்றி ஆப்பிரிக்காவுக்குள் நுழையும். இதுதான் பழைய ரூட்.

1960களிலிருந்து பிரிட்டனில் குளிர்காலத்தில் தென்படும் பிளாக்கேப்கள் கூடிக்கொண்டே வந்தன. கோடையில் வந்தவை ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டன என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆய்வாளர்கள் காலில் போட்ட அடையாள வளையங்கள் வேறு கதை சொல்லின. பிரிட்டனில் கோடையில் பாடுகிறவை தெற்கே கிளம்பிவிடுகின்றன. அப்புறம் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்திலிருந்து வேறு கூட்டம் வந்து இறங்குகிறது. வீடு ஒன்றுதான், குடித்தனக்காரர் மாறுகிறார்!

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் பறவை ஆய்வாளர் பீட்டர் பெர்த்தோல்ட் குழுவுக்கு ஒரு கேள்வி. இந்தக் குருவிகள் காற்றில் அடித்துக்கொண்டு வந்தவையா, இல்லை வடமேற்கே போக வேண்டும் என்பது பிறவியிலேயே இருக்கிறதா? இங்கிலாந்தின் மேற்குக் கரையில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்கிற ஊரில் குளிர்காலப் பிளாக்கேப்களைப் பிடித்து, ஜெர்மனிக்குக் கொண்டுபோய் அங்கேயே குஞ்சு பொரிக்க வைத்தார்கள்.

இலையுதிர் காலம் வந்தது. வலசைப் பறவையைக் கூண்டில் அடைத்தாலும், கிளம்ப வேண்டிய நாளில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் படபடக்கும். போக நினைக்கிற திசைப் பக்கமே எம்பி எம்பிக் குதிக்கும். அதனால் புனல் மாதிரிச் சரிந்த சுவர் கொண்ட கூண்டு செய்தார்கள். சுவரின் உள்பக்கம் ஒட்டியது என்ன தெரியுமா? டைப்ரைட்டரில் தப்பை அழிக்கிற, வெள்ளைப் பூச்சுப் பூசிய தாள்! குருவி குதிக்கக் குதிக்க நகம் பட்டுக் கீறல் விழும். காலையில் எந்தப் பக்கம் கீறல் அதிகம் என்று எண்ணினால் போதும். சாட்டிலைட் வேண்டாம், சிப் வேண்டாம். ஸ்டேஷனரிக் கடைச் சாமானை வைத்து ஒரு குருவி மனதில் நினைக்கும் திசையைப் படித்துவிட்டார்கள். எனக்கு இது இன்றைக்கும் சிலிர்க்கிறது.

(திரையில்: கீறல் விழுந்த தாளின் படம்)

முடிவு 1992இல் நேச்சர் என்கிற அறிவியல் இதழில் வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பெற்றோரின் கீறல்கள் மேற்கு-வடமேற்கு. பிரிட்டனை எட்டிக்கூடப் பார்க்காத குஞ்சுகளின் கீறல்களும் அதே பக்கம்! தெற்கு ஜெர்மனியின் சாதாரணப் பிளாக்கேப்கள் வழக்கம்போலத் தென்மேற்கு. ஆக, திசை ரத்தத்திலேயே இருக்கிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆந்திரியாஸ் ஹெல்பிக் என்கிற ஆய்வாளர் தென்மேற்கு ரூட் குருவிக்கும் தென்கிழக்கு ரூட் குருவிக்கும் ஜோடி சேர்த்துப் பார்த்தார். குஞ்சுகள் அப்பா வழியும் போகவில்லை, அம்மா வழியும் போகவில்லை. நேர் தெற்கு! அந்த வழியில் ஆல்ப்ஸ் மலை, கடல், அப்புறம் சஹாரா. சமரசம் செய்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

சரி, தீனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தீனியைப் பார்த்துக் குருவி திசையை மாற்றவில்லை. இதை நிறைய பேர் தப்பாகச் சொல்கிறார்கள். தப்பான திசையோடு பிறக்கிற குருவி முன்பும் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது பிரிட்டன் குளிரில் பட்டினி கிடந்து செத்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ்காரர்கள் தோட்டத்தில் கொழுப்பு உருண்டையும் உரித்த சூரியகாந்தி விதையும் தொங்கவிட ஆரம்பித்தார்கள், குளிரும் குறைந்தது. அது பிழைத்தது, குஞ்சு பொரித்தது, குஞ்சும் அதே திசையில் கிளம்பியது. வீட்டுத் தோட்டங்களில் மக்கள் எடுத்த கணக்கை வைத்து 2015இல் வந்த ஆய்வும் தீனியையும் வெப்பமாகும் குளிர்காலத்தையும்தான் காட்டியது.

லாபம் அதோடு நிற்கவில்லை. ஸ்பெயினைவிட வழி குறைவு. வடக்கே வசந்தத்தில் பகல் வேகமாக நீள்வதால், ஊர் திரும்பும் அழைப்பும் சீக்கிரம் வருகிறது. முதலில் வந்தவருக்கு நல்ல இடம். கூடவே, அதே நேரத்தில் வந்த துணை. 2009இல் ஒரே ஜெர்மன் காட்டில் அளந்து பார்த்தபோது, பிரிட்டன் போய்வந்தவற்றின் சிறகு கொஞ்சம் உருண்டை, அலகு கொஞ்சம் ஒல்லி என்று தெரிந்தது. உடனே "புதிய இனம் உருவானது" என்று தம்ப்நெய்ல் போடுகிறவர்களை நம்பாதீர்கள். முதுகில் போகிற வழியைப் பதிவு செய்யும் கருவி கட்டி அனுப்பியதில், பிரிட்டனுக்கு வருகிறவை ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வருவது தெரிந்துவிட்டது. தனி இனம் என்று சொல்ல இது போதாது.

தென்கிழக்கு ரூட்டில் போகிறவற்றுக்குத்தான் சனி. வழியில் இருக்கும் சைப்ரஸ் தீவில் பசைக்குச்சியும் வலையும் வைத்துப் பிடித்து, முழுசாகப் பொரித்து விருந்து வைக்கிறார்கள். 1974 முதல் சட்டப்படி குற்றம், ஆனாலும் திருட்டுத்தனமாக நடக்கிறது.

தீனி வைப்பது நல்லதா, இயற்கையில் தலையிடுவதா? என் ஓட்டு தீனிக்கு. உங்கள் கட்சி எது என்று கமெண்டில் போடுங்கள், சண்டை போடலாம்.