நிமிர்ந்து உண்ண வேண்டிய நாய்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வயது முதிர்ந்த நாய் தின்றதைச் சற்று நேரத்திலேயே வெளியே தள்ளிவிட்டால், அதை வாந்தி என்று எண்ணி வயிற்றுக்கு மருந்து தேடுவோர் பலர். வாந்தி எடுக்கும் நாய்க்குக் குமட்டல் இருக்கும், வயிறு குலுங்கும். உணவுக்குழாய் தளர்ந்து விரிந்துபோன நாய்க்கோ, தலையைத் தாழ்த்திய மாத்திரத்தில், செரிக்காத உணவு எந்த முயற்சியுமின்றி வழுக்கி வந்துவிடும். அதைக் கைபேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். கால்நடை மருத்துவருக்கு அது பேருதவி. குழாய் விரிந்திருப்பது பெரும்பாலும் மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

நாயின் உணவுக்குழாய், மனிதருடையதைப் போலன்றி, முழு நீளத்துக்கும் வரித்தசையால், அதாவது கை கால்களை அசைக்கும் தசையின் வகையால், ஆனது. ஆகவே, நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தடுக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நோய்கள் அதையும் செயலிழக்கச் செய்கின்றன. அந்நிலையில் உணவை வயிற்றுக்கு இறக்கப் புவியீர்ப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. கிண்ணத்தை முக்காலிமேல் உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் போதாது. உடலே நிமிர்ந்திருக்க வேண்டும். நாயைப் பின்புறம் ஊன்றி நிமிர்ந்து உட்கார வைக்கும் பெய்லி நாற்காலி இதற்கென்றே உருவானது. நம் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வளரும் சிறிய நாய்களை மடியிலேயே நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம். மூட்டுவலி உள்ள கிழநாய்க்கு இடுப்பின்கீழ் மெத்தென்ற துணி அவசியம். உண்டு முடித்த பிறகும் 15 முதல் 30 நிமிடம்வரை அப்படியே இருக்கவேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் அவசரத்தில் பலர் கைவிடுகிறார்கள். பணிப்பெண்ணிடம் ஒப்படைப்பவர்கள் அதற்கான காரணத்தையும் அவருக்குப் பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

ஒரு நாய்க்கு நீர்த்த கூழ் இறங்கும், மற்றொன்றுக்குச் சிறு உருண்டைகளே இறங்கும். மருத்துவரின் துணையோடு பார்த்துத்தான் கண்டறிய முடியும். நாளுக்கு மூன்று நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுப்பது நல்லது. வெறும் தண்ணீர் சில நாய்களுக்கு ஆபத்தானது என்பதால், அதை இனிப்பில்லாத ஜெலட்டின் கட்டிகளாக்கி ஊட்டுவதுண்டு. நம் ஊர் வெப்பத்தில் அவை இளகிவிடும், ஊட்டும் நேரத்தில்தான் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

மிகவும் அஞ்ச வேண்டியது, மேலேறிய உணவு மூச்சுக்குழாய்க்குள் புகுந்து உண்டாக்கும் நிமோனியா. நாய் உறங்கும்போது மூச்சை எண்ணிப் பழகுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனாலோ, இருமலுடன் சோர்ந்து உணவை மறுத்தாலோ, ஊட்டுவதை நிறுத்திவிட்டு, விடியும்வரை காத்திராமல், இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.