128 பைட்டில் ஒரு பேஸ்பால் ஆட்டம்

[திரையில்: 'ஹோம் ரன்' ஓடுகிறது. பச்சைக் களம், கட்டம் கட்டமான ஆட்கள், சின்னச் சதுரமாக ஒரு பந்து]

இது 'ஹோம் ரன்'. பின்னாளில் அடாரி 2600 என்று பெயர் வாங்கிய, அடாரி நிறுவனத்தின் வீட்டு வீடியோ கேம் பெட்டிக்காக 1978-இல் வந்த பேஸ்பால் ஆட்டம். எழுதியவர் பாப் ஒயிட்ஹெட்.

ஃபீல்டர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பேஸ்பாலில் பந்து வீசுகிற அணிக்குக் களத்தில் ஒன்பது பேர். இங்கே நிற்பவர்கள் ஒரு சிலர்தான். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் அத்தனை பேரும் ஒரே பக்கமாக, இடைவெளிகூடக் கலையாமல், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நகர்கிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அதற்குக் காரணம் பெட்டிக்குள் இருக்கிறது.

[திரையில்: பெட்டியைத் திறந்து, சிப்பைப் பெரிதாகக் காட்டுதல்]

பெட்டி விற்பனைக்கு வந்தது 1977-இல். அதை வடிவமைத்தவர்கள் 'பாங்', 'டேங்க்' போன்ற, கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டங்களை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தார்கள். இரண்டு பேர் மோதுவார்கள், ஆளுக்கு ஒரு குண்டு, இல்லையென்றால் நடுவில் ஒரு பந்து. டிஐஏ என்ற படம் வரையும் சிப்பிலும் அதற்குத் தேவையானதுதான் இருக்கிறது: இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, பின்னணிக்குப் பெரிய பெரிய கட்டங்கள். ஆட்டக்காரர் உருவத்தின் அகலம் 8 புள்ளி. தொப்பி, மட்டை, கால் எல்லாம் அதற்குள்.

நினைவகம் 128 பைட். கிலோபைட் அல்ல, பைட். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் இன்றைய யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும். அப்படியானால் 42 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். ஸ்கோர், அவுட் கணக்கு, எந்த பேஸில் (ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) யார், பந்து எங்கே, எல்லாமே இதற்குள்தான். பெட்டியில் செருகும் கேம் கேசட்டில் இருக்கும் மொத்த நிரலும் 2 கிலோபைட்.

திரைப் படத்தைச் சேமித்து வைக்க இதில் இடமே கிடையாது. அதனால் டிவி ஒவ்வொரு வரியாக வரைந்துகொண்டு போகும்போதே, அந்த வரியில் என்ன வர வேண்டும் என்று நிரல் சிப்புக்குச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பது ப்ராசசரின் 76 துடிப்புகள், அதாவது அது வேலை செய்யும் 76 குட்டி நேரத் துணுக்குகள். சிறிய கட்டளைக்கே 2 துடிப்பு போய்விடும். கொஞ்சம் தாமதித்தால் படம் கோணிக்கொள்ளும்.

[திரையில்: ஒரு உருவம், பக்கத்தில் அதன் இரண்டு நகல்கள் தோன்றுகின்றன]

சரி, இரண்டே உருவங்களை வைத்துக்கொண்டு அணியை எப்படி நிறுத்துவது? மேலே ஒருவர், கீழே ஒருவர் என்றால் பிரச்சினை இல்லை. மேலே வரைந்து முடித்த உருவத்தையே கீழே வேறு ஆளாக மறுபடி பயன்படுத்தலாம். ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் பலர் நிற்பதுதான் சிக்கல். அதற்குச் சிப்பில் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு எண்ணை மாற்றினால் ஒரே உருவம் பக்கவாட்டில் இரண்டு அல்லது மூன்று நகல்களாக வரும். நகல்களுக்குத் தனி இடம் கிடையாது, மூலம் நகர்ந்தால் அவையும் நகரும். நாம் சிரித்த அணிவகுப்பு இதுதான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃபீல்டர்களை விட்டுக்கொடுத்த இடத்தில் ஒயிட்ஹெட் ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டார். பந்தை வீசிய பிறகும் ஜாய்ஸ்டிக்கால் அதை வளைக்கலாம். வளைவைக் கணித்து, சரியான நேரத்தில் எதிராளி பட்டனை அமுக்க வேண்டும். பக்கத்தில் அண்ணனோ தங்கையோ உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் அந்த ஒரு நொடி சூடு பிடிக்கிறது.

[திரையில்: இன்டெலிவிஷன் பேஸ்பால், அருகில் எண்பட்டன்கள் உள்ள கன்ட்ரோலர்]

மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் என்ற போட்டிப் பெட்டி வந்த பிறகு 'ஹோம் ரன்' ரொம்பப் பழசாகத் தெரிந்தது. அதன் 'மேஜர் லீக் பேஸ்பால்' ஆட்டத்தில் களம் நிறைய ஆட்கள். கன்ட்ரோலரின் 12 பட்டன்கள் மேல் ஒரு அட்டையைச் செருகி, எந்த ஃபீல்டர் ஓட வேண்டும் என்று அமுக்கித் தேர்ந்தெடுக்கலாம். எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்ப்டன் தோன்றிய டிவி விளம்பரங்களில் இரண்டு ஆட்டங்களையும் அக்கம்பக்கத்தில் ஓடவிட்டு அடாரியின் மானத்தை வாங்கினார்கள். நியாயமான அடிதான். ஆனால் மேட்டல் ஆட்டத்தைத் தனியாக ஆட முடியாது, இன்னொருவர் கட்டாயம் வேண்டும். இதை விளம்பரம் எதற்குச் சொல்லப்போகிறது?

1982-இல் அடாரி அதே 2600-க்கு 'ரியல்ஸ்போர்ட்ஸ் பேஸ்பால்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது.

[திரையில்: 'ஹார்ட்பால்!', பந்துவீச்சாளரின் முதுகுப் பக்கத்திலிருந்து]

ஒயிட்ஹெட் அப்போது அங்கே இல்லை. ஆட்டம் எழுதுபவர்களின் பெயரை வெளியே சொல்லாத அடாரியை விட்டு வெளியேறி, 1979-இல் வேறு சிலரோடு ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பிறகு அதையும் விட்டு, 1984-இல் ஆலன் மில்லரோடு அக்கோலேட் என்ற இன்னொரு நிறுவனம். அடுத்த ஆண்டு காமடோர் 64 கணினிக்கு அவர் செய்ததுதான் இந்த 'ஹார்ட்பால்!'. கையில் இப்போது 64 கிலோபைட், அதாவது பழைய பெட்டியைப் போல 512 மடங்கு நினைவகம். அவ்வளவு இடம் கிடைத்ததும் அவர் பெரிதாக வரைந்தது பந்து வீசுபவரையும் மட்டை பிடிப்பவரையும்தான்.