அப்பா பெயரில் ஏறிய சைட்டேஷன்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். "பையன் மெஷின் லேர்னிங்கில் பேப்பர் போடுகிறான், சைட்டேஷன் நிறைய வருதாம், நல்லதுதானேம்மா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். நல்லதுதான். சைட்டேஷன் என்றால், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை, அதாவது பேப்பரை, இன்னொரு பேப்பர் மேற்கோள் காட்டுவது. ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படி அளக்க வேண்டும் என்ற யோசனை நமக்குப் புதிதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1948-லேயே, நூலக வேலையைக் கணக்குப் போட்டு ஆராய ஒரு துறை வேண்டும் என்று சொல்லி அதற்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரும் வைத்தார். 1962-ல் நூலகவியல் ஆராய்ச்சிக்கென்று ஒரு மையத்தை இதே ஊரில் தொடங்கி, கடைசிவரை இங்கேயே வாழ்ந்தார்.

இன்று எல்லாரும் பேசுவது எச்-இண்டெக்ஸ். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. எச்-இண்டெக்ஸ் ஐந்து என்றால், ஐந்து பேப்பர்களை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு பேப்பர் எழுதி, அதற்குப் பத்தாயிரம் மேற்கோள் வந்தாலும் எச்-இண்டெக்ஸ் ஒன்றுதான்.

கணினிக்குத் தரவைக் காட்டிக் கற்றுக்கொடுக்கும் மெஷின் லேர்னிங்கில் இந்த எண்கள் மலைக்க வைக்கும். மாடலைப் பயிற்றுவிக்க உதவும் 'ஆடம்' முறையை 2014-ல் கிங்மாவும் பாவும் வெளியிட்டார்கள். இன்று அதற்கு இரண்டு லட்சத்துக்கு மேல் மேற்கோள். பெரும்பாலும் "ஆடம் கொண்டு பயிற்றுவித்தோம்" என்று ஒரே வரி. ஒரு கருத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி, அதைத் திருத்தி எழுதியவர் காட்டும் மேற்கோளும் ஒன்று. இந்த வரியும் ஒன்று. கணக்கில் இரண்டும் சமம். பேச்சு, எழுத்து போல வரிசையாக வருவதை நினைவில் வைத்துக் கற்கும் 'எல்எஸ்டிஎம்' முறையின் கதை வேறு. ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் 1997-ல் வெளியிட்டது, பல வருடம் பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. பேச்சை எழுத்தாக்குவதிலும் மொழிபெயர்ப்பிலும் அது கைகொடுத்த பிறகு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. 2003-ல் யாராவது எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அதைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

அப்புறம் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். ஒரு நாள் ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தான். வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும், எச்-இண்டெக்ஸ் மூன்றுதான் காட்டுகிறது என்று முகம் வாடியிருந்தது. அவன் பெயர் அருள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா மாணிக்கம். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறான். அதனால் நான்கு பேப்பர் 'மாணிக்கம், ஏ.' என்றும், மூன்று பேப்பர் 'எம். அருள்' என்றும் வெளியாகியிருந்தன. ஒன்றில் 30, 9, 6, 2 மேற்கோள்கள். இன்னொன்றில் 12, 8, 5. தனித்தனியாகப் பார்த்தால் எச்-இண்டெக்ஸ் மூன்று, மூன்று. ஒரே ஆளாகச் சேர்த்தோம், ஐந்து ஆனது. கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்த அப்பா பெயரில் பாதி உழைப்பு போய் உட்கார்ந்திருந்தது.

ராமானுஜன் என்றால் உலகம் அறியும். சீனிவாச என்பது அவர் அப்பா பெயர். முன்னெழுத்தாக நின்றதால் குழப்பமில்லை. இப்போதைய விண்ணப்பப் படிவங்கள்தான் நம் வரிசையைப் புரட்டிவிடுகின்றன. முதல் பேப்பர் அனுப்பும் முன்பே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். ஆராய்ச்சியாளருக்கென்று தரும் அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் ஒன்று வாங்கிவிடுங்கள்; பதினாறு இலக்கம், காசில்லை, பெயர் எப்படி இருந்தாலும் அது உங்களோடு வரும்.

சரி, ஏற்கெனவே பெயர் பிரிந்து போனவர்கள் கவலைப்பட வேண்டாம். மடிக்கணினி கொண்டு வந்திருக்கிறேன். காபி குடித்துவிட்டுப் பின்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொருவராக உட்கார்ந்து சேர்த்துவிடுவோம்.